பெரும்பாடு

2018 ஏப்ரல் 9 அன்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையின் இயக்க இசைவைப் புதுப்பிக்க மறுத்து ஓர் உத்தரவு பிறப்பித்தது. மறுப்புக்கு ஐந்து காரணங்கள் சொல்லப்பட்டன. ஆலையையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஆழ்துளைக் கிணறுகளின் நீர் ஆய்வறிக்கைகளை நிர்வாகம் கொடுக்கவில்லை. உப்பாற்று ஓடை ஓரத்திலும் பட்டா நிலங்களிலும் கொட்டிய தாமிரக் கசடை அகற்றவில்லை. அது ஓடையில் இறங்காதபடி தடுப்பும் எழுப்பவில்லை. அபாயக் கழிவுகளைக் கையாள்வதற்கான அங்கீகாரம் 2013-லேயே காலாவதியாகியும் புதிதாகப் பெறவில்லை. காற்றில் ஆர்சனிக் போன்ற கன உலோகங்கள் எவ்வளவு என்று வாரியத்தின் ஆய்வகம் வழியாகப் பரிசோதிக்கவில்லை. ஜிப்சம் குட்டையை மத்திய வாரியத்தின் வழிகாட்டுதல்படி கட்டவில்லை.

கொடுக்கவில்லை, அகற்றவில்லை, பெறவில்லை, பரிசோதிக்கவில்லை, கட்டவில்லை. ஐந்துமே எதிர்மறை வினைகள். இலக்கணம் நடத்துகிறவளுக்கு முதலில் கண்ணில் படுவது இதுதான். ஆலை செய்யத் தவறியவை இங்கே வரிசையாக நிற்கின்றன. ஆலையைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லும் உடன்பாட்டு வினை ஒன்றுகூட இந்த ஐந்தில் இல்லை.

இந்த ஐந்து காரணங்கள் சாதாரணமானவை அல்ல. 2018 மே 28 அன்று அரசு ஆலையை நிரந்தரமாக மூட ஆணையிட்டது. அதற்குப் பின் நடந்த வழக்குகளில் வாரியத்தின் தரப்பு பெரும்பாலும் இவற்றைத்தான் ஊன்றி நின்றது. 2020 ஆகஸ்ட் 18 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 815 பக்கத் தீர்ப்பில் மூடலை உறுதி செய்தது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாசுக் குற்றச்சாட்டை மறுத்துவந்த ஒரு பெருநிறுவனத்தின் முன்னால் இந்த எதிர்மறை வினைகள் தாக்குப்பிடித்தன. அதை வெற்றி என்றே சொல்ல வேண்டும். அந்த வெற்றி எந்த மொழியில் கிடைத்தது, அந்த மொழிக்குள் யாருடைய உடலுக்கு இடம் இல்லாமல் போனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

நான் விக்கிரமசிங்கபுரத்துக்காரி. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து தாமிரபரணி சமவெளிக்கு இறங்கும் இடம் எங்கள் ஊர்ப் பக்கம். அதே ஆறு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிப் புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லியன் காலன் தண்ணீர் கொண்டுபோகும் திட்டம், உள்ளூர் வழக்கில் '20 எம்ஜிடி', அந்த அணைக்கட்டிலிருந்துதான் எடுக்கிறது. ஆற்றின் மேல்முனையில் படித்துறையில் குளிக்கிறவளுக்கும் கீழ்முனையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறவளுக்கும் நடுவே ஓர் ஆற்றின் நீளம்தான் தூரம். தூத்துக்குடி வழக்கின் காகிதங்களை நான் படிக்கத் தொடங்கியதற்கு அதற்கு மேல் காரணம் வேண்டியிருக்கவில்லை.

அந்த ஐந்து காரணங்களைத் தமிழாக்கி முதுகலை வகுப்பில் ஒருமுறை பிரதியாக வாசித்தோம். "இதுல ஆளே இல்லையே மேம்" என்றாள் ஒரு மாணவி. அவள் சொன்னதை நாங்கள் கற்ற இலக்கணத்தில் வைத்துப் பார்க்கலாம். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றாகப் பிரிக்கிறது தொல்காப்பிய மரபு. நிலமும் பொழுதும் முதல். நீர், மரம், விலங்கு, தொழில் முதலியவை கரு. மனிதர்க்கு நேர்கிற வாழ்வனுபவம் உரி. வாரியத்தின் உத்தரவில் முதல் இருக்கிறது: ஓடை, பட்டா நிலம், அங்கீகாரம் முடிந்த தேதி. கரு இருக்கிறது: கசடு, ஆர்சனிக், ஜிப்சம். உரி இல்லை.

சட்டம் கவிதை இல்லை, அதனிடம் உரிப்பொருளைக் கேட்கலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமும் 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டமும் வாரியத்துக்குத் தருவது இசைவு கொடுக்கும், மறுக்கும் அதிகாரம். நிபந்தனை விதிக்கப்பட்டது, நிபந்தனை மீறப்பட்டது என்று காட்டினால் போதும். யாருடைய நுரையீரல் எப்படி இருக்கிறது என்று நிரூபிக்கத் தேவையில்லை. வழக்கறிஞர்களுக்கு இது வசதி. நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்து "இந்தப் பெண்ணின் நோய்க்கு எங்கள் புகைதான் காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்க முடியாது. ஆக உடலை வெளியே நிறுத்தியதில் ஒரு தந்திரமும் இருக்கிறது. ஆனால் அந்தத் தந்திரத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. உடல் பதிவாகாத வழக்கில் உடலுக்கான நீதியும் பதிவாகாது.

இந்த விலையை 2013-லேயே பார்த்தோம். 2010 செப்டம்பர் 28 அன்று ஆலையை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை கொடுத்தது. 2013 ஏப்ரல் 2 அன்று இறுதித் தீர்ப்பு: மூடல் ரத்து, சுற்றுச்சூழல் சேதத்துக்காக 100 கோடி ரூபாய் செலுத்த வேண்டும். மாசு நிகழ்ந்தது, இசைவு இல்லாமலும் ஆலை ஓடியது என்று அதே தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. ஆனால் நாட்டின் தாமிரத் தேவை, அதைச் சார்ந்த தொழில்கள், வேலைவாய்ப்பு ஆகியவற்றைத் தராசின் மறு தட்டில் வைத்தது. தாமிரத்துக்கு அளவு உண்டு, வேலைக்கு எண்ணிக்கை உண்டு, அபராதத்துக்குத் தொகை உண்டு. வீட்டுக்குள் நடந்தவற்றுக்கு எந்த எண்ணும் இல்லாததால் தட்டில் எடையே ஏறவில்லை.

எண்ணே இல்லையா? இருந்தது. அது எங்கள் மாவட்டத்தில்தான் தயாரானது.

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை ஸ்டெர்லைட் ஆலையைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஓர் ஆய்வு நடத்தியது. 2008-இல் அறிக்கை வந்தது. 80,725 பேரை உள்ளடக்கிய ஆய்வு அது. அ. குமரெட்டியாபுரம், தெற்கு வீரபாண்டியபுரம் ஆகிய ஊர்களின் நிலத்தடி நீரில் இரும்பு, அனுமதிக்கப்பட்ட அளவைப் போல் 17 மடங்கும் 20 மடங்கும் இருந்ததாக அறிக்கை சொன்னது. மூச்சுத் தொடர்பான நோய்கள் கூடுதலாக இருந்தன என்றது. இன்னொன்றும் சொன்னது: பெண்களிடம் அதிக உதிரப்போக்கும் கடும் மாதவிடாய் வலியும் கூடுதலாக இருந்தன.

அரசுக் கல்லூரியின் மருத்துவர்கள் வீடு வீடாகக் கேட்டு எழுதியது இது. யாரோ கிளப்பிவிட்ட வதந்தி இல்லை. ஓர் ஆய்வு ஓர் ஊரின் நிலையைச் சொல்லும். தனியொருத்தியின் நோய்க்கு இன்ன புகைதான் காரணம் என்று முடிவாகச் சொல்லாது. அந்த எல்லையை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த வரி ஒரு கேள்வியையாவது எழுப்பியிருக்க வேண்டாமா? அந்தப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து, எத்தனை பேருக்கு இரத்தசோகை, எத்தனை பேருக்குக் கருப்பை எடுக்கப்பட்டது என்று அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்க வேண்டாமா? பத்து ஆண்டுகள் கழித்து வந்த ஐந்து காரணங்களில் கிணற்று நீர் இருக்கிறது. அந்தக் கிணற்று நீரைக் குடித்தவள் இல்லை.

அதிக உதிரப்போக்குக்குத் தமிழில் ஒரு சொல் உண்டு. சித்த மருத்துவம் அதைப் 'பெரும்பாடு' என்கிறது. அகராதியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்: ஒன்று இந்த நோய், மற்றொன்று பெருந்துன்பம். இன்றைக்கு நாம் பயன்படுத்துவது இரண்டாவது பொருளை மட்டும்தான். 'பிள்ளையைக் கரையேற்றப் பெரும்பாடு பட்டேன்' என்கிறோம். 'எனக்குப் பெரும்பாடு' என்று மருத்துவரிடம் சொல்லும் பெண்ணை நான் பார்த்ததில்லை. உதிரத்தைக் கழுவித் துடைத்துவிட்டுத் துன்பத்தை மட்டும் பொதுவழக்குக்கு எடுத்துக்கொண்டது நம் மொழி. மாதவிடாய்க்கு எங்கள் பக்கம் புழங்கும் மற்ற சொற்களைப் பாருங்கள்: தூரம், வீட்டு விலக்கு, தீட்டு. முதலிரண்டும் அவளை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்கின்றன, மூன்றாவது ஏன் வைக்க வேண்டும் என்று சொல்கிறது. அவள் உடலில் என்ன நடக்கிறது என்று ஒன்றும் சொல்லவில்லை.

இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு பெண் ஆட்சியர் அலுவலகத்தில், ஆண்கள் நிறைந்த கூட்டத்தில், ஒலிபெருக்கி முன்னால் நின்று எப்படிப் பேசுவாள்? "வயித்து வலி" என்பாள். எழுத்தர் "வயிற்று வலி" என்று எழுதிக்கொள்வார். அது ஆங்கிலத்துக்குப் போகும்போது வயிற்றுக் கோளாறாகி, தண்ணீரால் வரும் பேதியோடு சேர்ந்துவிடும். அவளிடமிருந்து கிளம்பிய செய்தி கோப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடங்களில் உரு மாறிவிடுகிறது. முதல் மாற்றத்தைச் செய்தது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இல்லை, நம் வீடு. ஆணாதிக்கம் வீட்டில் சொல்லைப் பிடுங்குகிறது, அதிகாரம் அலுவலகத்தில் சான்றைக் கேட்கிறது. இரண்டும் பேசிவைத்துக்கொண்டு செய்வதில்லை; ஆனால் ஒன்றுக்கொன்று கணக்காகப் பொருந்திக்கொள்கின்றன.

பேச்சு உரிமை பற்றி இந்த வழக்கிலேயே ஒரு தேதி இருக்கிறது. ஆலையை இரட்டிப்பாக்கும் விரிவாக்கத்தை எதிர்த்து 2018 பிப்ரவரி 12 அன்று அ. குமரெட்டியாபுரம் மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஊர்ப் பெண்கள் அதன் முதுகெலும்பாக இருந்தார்கள். பகல் முழுதும் மரத்தடியில் இருக்க வேண்டுமென்றால் விடியும் முன் உலை வைக்க வேண்டும். அந்தக் கணக்கு எந்தப் போராட்ட வரலாற்றிலும் எழுதப்படுவதில்லை. நூறாவது நாளான மே 22 அன்று மக்கள் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போனார்கள். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் பெண்கள். இந்தத் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் என்ற பெண். 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்க 2022-இல் அந்த ஆணையம் பரிந்துரைத்தது.

துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், மே 23 அன்று, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விரிவாக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்திய பிறகே அனுமதி பற்றி முடிவெடுக்க வேண்டும் என்றது. அந்த வழக்கைத் தொடுத்தவர் பேராசிரியை பாத்திமா பாபு. ஆங்கிலம் கற்பித்தவர்; பல ஆண்டுகளாக இந்த ஆலைக்கு எதிராக வீதியிலும் நீதிமன்றத்திலும் நின்றவர். தொழிற்பேட்டைக்குள் அமைகிறது என்ற வாதத்தில் கருத்துக் கேட்பே இல்லாமல் விரிவாக்கத்துக்கு வழி விடப்பட்டிருந்தது என்பதுதான் அவர் எழுப்பிய பிரச்சினை. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 22-ஆம் தேதி பேச வந்தவர்கள் சுடப்பட்டார்கள். 23-ஆம் தேதி அவர்களைப் பேசவிட்டுக் கேட்டிருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது.

அதற்குப் பிறகு கவிதைகள் வந்தன. நான் கவிதை எழுதுகிறவள் என்பதால் இதைத் தனியாகப் பேச வேண்டும். துப்பாக்கிச் சூட்டில் இறந்த பதினேழு வயதுப் பெண்ணைப் பற்றிப் பல கவிதைகள் படித்தேன். அவற்றில் அவள் கண்ணகியானாள், காளியானாள், கடற்கரையின் தெய்வமானாள். போராடிய பெண்கள் எல்லோரும் தாய்மார்களானார்கள். ஆறும் தாய், மண்ணும் தாய், போராட்டமும் தாய். கோபமும் துயரமும் உண்மையானவை என்பதில் ஐயம் இல்லை. ஆனால் தெய்வத்துக்கு நுரையீரல் கிடையாது. தாய் என்ற பிம்பத்துக்கு மாதவிடாய் கிடையாது. பிள்ளைக்காகப் போராடினாள் என்று பாடும்போது தனக்காகவும் போராடினாள் என்பது மறைந்துபோகிறது. தன் இடுப்பு வலிக்காக, தன் உதிரப்போக்குக்காக, தான் விட்டுவிட்ட படிப்புக்காக ஒரு பெண் தெருவுக்கு வரக்கூடாதா? சட்டத்தின் உரைநடை அவளை வெளியே நிறுத்தியது. நம் கவிதை அவளைக் கோபுரத்தில் ஏற்றியது. இரண்டு இடத்திலிருந்தும் அவள் சொல்வது கேட்காது.

இது தூத்துக்குடிக்கு மட்டும் உரிய கதை இல்லை. அமெரிக்காவில் நயாகரா அருவிக்கு அருகே லவ் கெனால் என்ற குடியிருப்பு, ஹூக்கர் என்ற வேதியியல் நிறுவனம் ஏறத்தாழ 21,000 டன் கழிவைப் புதைத்த இடத்தை ஒட்டிக் கட்டப்பட்டது. 1978-இல் லோயிஸ் கிப்ஸ் என்ற குடும்பத் தலைவி வீடு வீடாகக் கதவைத் தட்டி நோய்களைக் கேட்டு எழுதினார். பெவர்லி பெய்கன் என்ற பெண் அறிவியலாளர் அவருக்குத் துணைநின்றார். கருச்சிதைவும் பிறவிக் குறைபாடுகளும், புதைந்துகிடந்த பழைய நீரோடைகளின் தடத்தை ஒட்டிக் கூடுதலாக இருப்பதாக அவர்களின் வரைபடம் காட்டியது. உதவாத இல்லத்தரசிப் புள்ளிவிவரம் என்று அதிகாரத் தரப்பு அதை ஒதுக்கியது. ஆனால் 1979 பிப்ரவரியில் கருவுற்ற பெண்களும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வெளியேற வேண்டும் என்று மாநில சுகாதார ஆணையர் உத்தரவிட்டார். 1980-இல் கைவிடப்பட்ட நச்சுக் கழிவிடங்களைச் சுத்தம் செய்ய அந்நாடு தனிச் சட்டமே இயற்றியது. பெண்ணுடல் ஓர் அரசு உத்தரவின் சொற்களுக்குள் நுழைய முடியும் என்பதற்கு இது சான்று. அதை நுழைய வைத்தது ஒரு நோட்டுப் புத்தகம்.

போபாலில் 1984 டிசம்பர் விஷவாயுவுக்குப் பிறகு கண்ணும் நுரையீரலும்தான் பேசப்பட்டன. அடுத்த ஆண்டே மருத்துவர் ராணி பங் பெண்களைப் பரிசோதித்து, உதிரப்போக்கும் வெள்ளைப்படுதலும் கருப்பை சார்ந்த நோய்களும் பரவலாக இருப்பதைக் காட்டினார். அவர் கேட்கும்வரை அந்தக் கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பிறகு ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா என்ற பாதிக்கப்பட்ட இரு பெண்கள் அந்தப் போராட்டத்தை உலகறியச் செய்து 2004-இல் கோல்ட்மன் பரிசு பெற்றார்கள். ஆலை வளாகத்தில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு, உயர் நீதிமன்றம் கெடு விதித்த பிறகு, 2025 ஜனவரி தொடக்கத்தில்தான் பீதம்பூருக்கு லாரிகளில் கிளம்பியது. நாற்பது ஆண்டுகள். இந்த முறை பீதம்பூர் மக்கள் தெருவுக்கு வந்தார்கள்.

இதோடு எங்கள் மாவட்டத்து நிகழ்வு ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2024 டிசம்பரில் திருநெல்வேலிக்கு அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பகுதிகளில் கேரளத்து மருத்துவக் கழிவுகள் கொட்டப்பட்டிருந்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கேரள அரசை எச்சரித்து, மூன்று நாளில் அள்ளிப்போகச் சொன்னது. டிசம்பர் 22 அன்று கேரளத்திலிருந்து அதிகாரிகளும் லாரிகளும் வந்து அள்ளிப்போனார்கள். இவ்வளவு வேகம் எப்படிக் கிடைத்தது? கழிவுக்குள் நோயாளிகளின் தாள்கள் இருந்தன. அவற்றில் மருத்துவமனையின் பெயர் இருந்தது. விலாசம் எழுதிய குப்பை. உருக்காலைக் காற்றிலும் கிணற்று நீரிலும் விலாசம் எழுதியிருக்காது. அவற்றுக்கு விலாசம் எழுதும் வேலையைத்தான் உடல் செய்கிறது, வருடக் கணக்கில், மெதுவாக. அந்தக் கையெழுத்தைப் படிக்கச் சட்டம் இன்னும் பழகவில்லை.

பழகுவதற்கான கருவி அதனிடம் இல்லாமல் இல்லை. பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு கோட்பாடுகளை நாட்டின் சட்டத்தில் சேர்த்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பது ஒன்று. அறிவியல் உறுதி கிடைக்கும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையாக நடக்க வேண்டும் என்பது மற்றொன்று. தன் தொழில் சூழலுக்குத் தீங்கற்றது என்று காட்டும் பொறுப்பும் தொழில் நடத்துகிறவருடையது என்றது. அப்படியானால் "உன் உதிரப்போக்குக்கு ஆலைதான் காரணம் என்று நிரூபி" என்று ஒரு பெண்ணிடம் கேட்பது தலைகீழான கேள்வி. "இல்லை என்று நீ காட்டு" என்பதுதான் 1996 முதல் சட்டத்தின் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுத் தண்ணீரிலிருந்து பிறந்த ஒரு கோட்பாடு, தமிழ்நாட்டுப் பெண்ணின் மாதவிடாய்வரை இன்னும் வந்துசேரவில்லை.

ஆலையைத் திறக்கச் சொல்லி மனுக் கொடுத்த பெண்களும் தூத்துக்குடியில் உண்டு. அவர்களைக் காசு வாங்கியவர்கள் என்று ஒரே சொல்லில் தள்ளுவது எளிது. அது பெண்ணிய வாசிப்பு ஆகாது. ஒப்பந்தக் கூலியாக இருந்த கணவனுக்கு வேலை போனபோது வீட்டுக் கணக்கு அவள் தலையில்தான் விழுந்தது. வட்டிக்காரர் வந்து நின்றது அவள் வாசலில்தான். ஒருத்தியிடம் தண்ணீரை எடுத்துக்கொண்டது, இன்னொருத்தியிடம் சம்பளத்தை எடுத்துக்கொண்டது. இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது அந்தத் தொழில் நடந்த விதம். இழந்த வேலைக்கு ஈடு யார் கொடுப்பது என்ற கேள்வியும், உடலில் தங்கிவிட்ட நோய்க்கு ஈடு யார் கொடுப்பது என்ற கேள்வியும் ஒரே இடத்திலிருந்து பதில் பெற வேண்டியவை.

நாம் என்ன செய்யலாம்? படிக்கலாம். இந்த வழக்குகளின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. குமரெட்டியாபுரத்துப் பெண்ணின் வாழ்வை முடிவுசெய்த 815 பக்கத் தீர்ப்பை அவள் தன் மொழியில் உட்கார்ந்து படிக்க வழியில்லை. தமிழ்த் துறைகளில் ஆண்டுதோறும் எத்தனையோ ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. ஒரு தீர்ப்பை, ஒரு வாரிய உத்தரவை, ஒரு சுகாதார ஆய்வைத் தமிழில் தந்து, அதில் எழுவாய் யார், வினை என்ன, யார் விடுபட்டார் என்று எழுதும் ஆய்வேடு ஏன் வரக்கூடாது? சங்கப் பாடலில் தலைவியின் கூற்றுக்கும் செவிலியின் கூற்றுக்கும் வேறுபாடு காணக் கற்றவர்களுக்கு, ஓர் உத்தரவில் யார் கூற்று இல்லை என்று காண்பது கடினமில்லை.

எழுதவும் செய்யலாம். லவ் கெனால் பெண்ணிடம் இருந்தது ஒரு நோட்டு. தேதி, எந்தக் கிணற்றுத் தண்ணீர், காற்று எந்தப் பக்கம் அடித்தது, எத்தனை நாள் உதிரம் பட்டது, கலைந்த கருக்கள் எத்தனை. இதை எழுதப் பட்டம் வேண்டாம். சுய உதவிக் குழுக்களில் சேமிப்புக் கணக்கை மாதந்தவறாமல் எழுதும் பெண்களுக்கு இன்னும் சில கட்டங்கள் பாரமில்லை. பெரும்பாடு என்ற சொல்லை அதன் முதல் பொருளோடு அந்தக் கட்டத்தின் தலைப்பாக வைக்கலாம். கூச்சமாக இருந்தால் முதலில் எழுத்தில் பழகட்டும். வாய்க்குப் பிறகு வரும்.

கேட்கவும் செய்யலாம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை ஒரு சிறிய உரிமையைத் தந்திருக்கிறது. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் முடியும்போது, அங்கே சொல்லப்பட்ட கருத்துகளின் சுருக்கத்தை வாரியத்தின் பிரதிநிதி வாசித்து, உள்ளூர் மொழியில் விளக்க வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து. கூட்டம் நீண்டு மாலை ஆகும்போது முதலில் எழுந்து போவது பெண்கள்தான். கடைசி பேருந்து, பள்ளி விட்டு வரும் பிள்ளை, அடுப்பு. சுருக்கம் வாசிக்கும் நேரத்தில் பந்தலில் பெரும்பாலும் ஆண்களே மிஞ்சுகிறார்கள். அடுத்த கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும், அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை வீட்டு ஆண்கள் பொங்கட்டும். நாம் கடைசிவரை உட்கார்ந்திருந்து, அந்தத் தாள் வாசிக்கப்படும்போது நாம் சொன்ன சொல் அதில் இருக்கிறதா என்று கேட்போம். 'வயிற்று வலி' என்று எழுதியிருந்தால் கையை உயர்த்தி, திருத்தச் சொல்வோம்.